பட்டமும் பாலும்: போர்த்தலைமை ஏற்ற பெண்டிர் பற்றிய சாசன வழக்கும் மொழிபெயர்ப்பும்

காகதீய மரபில் ஏறத்தாழ 1262 முதல் 1289 வரை ஓரங்கல்லிலிருந்து ஆட்சி புரிந்த ருத்ரமதேவிக்குச் சாசனங்களில் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று ருத்ரமதேவி, மற்றொன்று ருத்ரதேவ மகாராஜா. முன்னது பெண்பால், பின்னது ஆண்பால். ஆட்சி ஆணைகளிலும், அவருக்கு அடங்கிய தலைவர்கள் தம் அறக்கொடைகளைப் பதிவு செய்த கற்களிலும் பின்னது பயின்று வருகிறது. கணபதிதேவருக்கு முன் ஆண்ட (1158-1195) மன்னர் ஒருவருக்கும் ருத்ரதேவர் என்பதே பெயராதலின், சக ஆண்டு சிதைந்த கல்லில் ஆட்சியாளர் ஆணா பெண்ணா என்று முடிவு செய்ய இயலாத நிலையும் ஏற்படுகிறது.

இவ்விரட்டைப் பெயரை வரலாற்றாசிரியர் இரு வகையாக விளக்கியுள்ளனர். பெண்ணாட்சியைப் பொறாத குறுநிலத் தலைவர்களை ஏய்க்க அவர் தம் பெண்மையை மறைத்தார் என்பது பழைய விளக்கம். நாடகத்திற்கும் திரைப்படத்திற்கும் இதுவே ஏற்றதாக அமைந்தது. சிந்தியா டால்பட் 1995இல் வெளியான தம் கட்டுரையில் இதனை விலக்கி, மறைத்தல் என்பதற்கே இடமில்லை, அரசு என்பது ஆணுக்குரிய சமூகப் பாத்திரமாகக் கருதப்பட்டமையால் அதனை ஏற்ற பெண்ணும் ஆண் அரசராகவே பொதுவெளியில் காட்டப்பட்டார் என்று வாதிட்டார். 'பெண் மன்னர்' என்னும் அவருடைய தொடர் இன்று பரவலாக எடுத்தாளப்படுகிறது. முதல் விளக்கத்தைவிட இரண்டாவது பன்மடங்கு நுட்பமானது என்பதில் ஐயமில்லை. எனினும் இரண்டுமே ஒரு மொழியியல் வினாவை எழுப்பாமல் கடந்து செல்கின்றன. சாசன மொழியில் பால் எங்கெங்குக் குறிக்கப்படுகிறது, எங்கெங்குக் குறிக்கப்பட வேண்டிய கட்டாயமே இல்லை என்பதே அவ்வினா. இதற்கு விடை காணாமல் ஆண்பால் வடிவத்தின் மீது சமூகக் கருத்தை ஏற்றுவது அவசரமாகும்.

தெலுங்கின் பால் பாகுபாடு தமிழினின்றும் கன்னடத்தினின்றும் வேறுபட்டது என்பது திராவிட மொழியியல் பயின்றோர் அறிந்ததே. தமிழில் ஒருமையில் அவன், அவள், அது என மூன்று. தெலுங்கில் ஒருமை வினைமுற்று இரண்டே வகைப்படும்: ஆண்பால் ஒன்று, ஆண்பால் அல்லாதது மற்றொன்று. பெண் வந்தாலும் பசு வந்தாலும் வினைமுற்று ஒரே வடிவம் பெறும். பன்மையிலோ இப்பிரிவு மறைந்து, மக்கள், மக்கள் அல்லாதவை என்னும் பிரிவு தோன்றுகிறது. ஆகவே தெலுங்கில் ஒரு பெண்ணை உயர்திணையில் நிறுத்த விரும்புவோர்க்கு வினைமுற்று தரும் வழி பன்மையே. மரியாதைப் பன்மை அங்கு ஒப்பனை அன்று, இலக்கணத் தேவை எனலாம்.

காகதீயச் சாசனங்களின் தெலுங்குப் பகுதியில் பெரிதும் பயிலும் வாய்பாடு, இன்ன மகாராஜர் புவியாட்சி செய்துகொண்டிருக்க, இன்ன ஆண்டில், இன்னார் இன்ன கொடை அளித்தனர் என்பதாகும். இதில் ஆட்சியாளரோடு முடியும் வினை எச்சம். அது பால் காட்டாது. ஆட்சியாளரின் பெயரோ பெரும்பாலும் மரியாதைப் பன்மையில் நிற்கும். அதுவும் பால் காட்டாது. எஞ்சுவது பெயரடி ஒன்றே: ருத்ரதேவ, மகாராஜ. ஒரு சாசனம் முழுவதும் அவரை ஆணாகக் காட்டுகிறது என்று சொல்லும்போது, அம்முழுமையில் பாலைச் சுட்டும் உறுப்பு இவ்விரு பெயரடிகளுக்கு மேல் இல்லை என்பதை மனங்கொள்ள வேண்டும். மகாராஜ என்பதும் இங்கு ஆளைச் சுட்டும் பெயரா, பதவியைச் சுட்டும் பெயரா என்று கேட்க இடமுண்டு. இன்று ஒரு பெண் மாவட்ட ஆட்சியராகவோ குடியரசுத் தலைவராகவோ இருக்கையில் 'தலைவர்' என்னும் சொல்லைக் கொண்டு அவர் தம் பெண்மையைத் துறந்தார் என்று எவரும் எழுதுவதில்லை.

இதற்கு மறுப்பு ஒன்று எழும். 'தலைவர்' பலர்பால் வடிவம். மகாராஜ ஆண்பால் வடிவம். மகாராணி, மகாதேவி என்னும் பெண்பால் வடிவங்கள் கைக்கெட்டும் தொலைவிலேயே இருந்தன. அவற்றை விடுத்து ஆண்பாலைத் தெரிந்தமைக்குக் காரணம் வேண்டுமன்றோ? வேண்டும். ஆனால் அக்காரணத்தைப் போர்க்களத்தில் தேடுவதைவிட மரபுரிமையில் தேடுவது பொருத்தம்.

கணபதிதேவருக்கு கணபாம்பா என்னும் மகளும் இருந்தார். கோட்டை மரபின் பேதனை மணந்து, கணவன் மறைந்தபின் அந்நிலப்பகுதியை அவர் ஆண்டார். அவருடைய சாசனங்களில் அவர் பெண்ணாகவே, கணவனின் நினைவுக்கு அறம் செய்யும் மனைவியாகவே வருகிறார். உடன்பிறந்த இருவரும் ஆட்சி செய்தனர். ஒருவர் பெண்பாலில், ஒருவர் ஆண்பாலில். முன்னவர் ஆட்சி கணவன் வழி வந்தது. கைம்பெண் கணவனிடத்தில் நிற்பதற்கு மொழியில் முன்னரே இடம் இருந்தது. பின்னவர் ஆட்சி தந்தை வழி வந்தது. தந்தைக்குப்பின் நிற்கும் இடத்திற்கு மகன் என்னும் உறவுச்சொல்லே இருந்தது. கணபதிதேவர் மகளை மகனாகக் கொண்டு ருத்ரன் எனப் பெயரிட்டார் என்று வித்யாநாதரின் பிரதாபருத்ரீயம் கூறுவதும் இதற்கு அரண் செய்கிறது. ஆண்மகவு இல்லாதவன் தன் மகளை மகனிடத்தில் நிறுத்தும் வழக்கத்தைத் தருமநூல்கள் 'புத்ரிகா' என்னும் பெயரால் அறியும். ஆண்பால் பெயர், ஆக, பாலைச் சுட்டவில்லை. கொடிவழியில் உள்ள ஓர் இடத்தைச் சுட்டுகிறது.

இவ்விடத்தை விட்டு விலகும்போது அதே பெண் பெண்பாலிலேயே பேசப்படுகிறார். 1261ஆம் ஆண்டின் மல்காபுரம் கல்வெட்டு, கோளகி மடத்து விசுவேசுவர சிவாசாரியாருக்குத் தந்தையும் மகளும் ஊர்கள் வழங்கியதைக் கூறுகிறது. ஆங்கு அவர் கணபதியின் மகளாகவே காட்சி தருகிறார். (மருத்துவச் சாலைக்கும் மகப்பேற்றுச் சாலைக்கும் வருவாய் ஒதுக்கிய கல்வெட்டு இது. போர்க்காட்சிகளையே தேடுவோர் கண்ணில் இப்பகுதி படுவதில்லை.) ருத்ரம என்னும் பெயர் வடிவமும் நோக்கத்தக்கது. ருத்ர என்னும் ஆண்பால் அடியோடு அம்ம என்பது சேர்ந்து அமைந்தது அது. மறைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பெண்மை பெயரின் ஈற்றிலேயே வெளிப்பட நிற்கிறது.

சொல்லின் பொருளெல்லையை அறியாமையால் வரலாறு எவ்வாறு திரியும் என்பதற்கும் இவ்வரசியின் கதையே சான்று. மார்க்கோ போலோ மோட்டுப்பள்ளி நாட்டைப் பற்றி எழுதுகையில், கணவன் இறந்தபின் நாற்பது ஆண்டுகளாக நாட்டை நீதியுடன் ஆண்ட அரசி என்கிறார். ருத்ரமதேவி கணபதியின் மனைவி அல்லர், மகள். நிடதவோலுச் சாளுக்கிய மரபின் வீரபத்ரரே அவர் கணவர். போலோவின் கூற்றை நம்பி, அவர் கணபதியின் கைம்பெண் என்றே முற்கால ஆய்வாளர் சிலர் எழுதினர். சாசனங்கள் வெளிவந்தபின் அக்கருத்துக் கைவிடப்பட்டது. போலோவுக்குச் செய்தி சொன்ன வணிகர்கள் எச்சொல்லைக் கையாண்டனரோ அறிய வழியில்லை. ஆனால் பிழை தோன்றும் வாயில் தெளிவாகவே தெரிகிறது. 'அரசி' என்றால் அரசன் மனைவி; அரசி ஆள்கிறாள் என்றால் அரசன் இல்லை; இல்லையென்றால் இறந்திருக்க வேண்டும். ஒரு சொல்லின் பொருளே ஒரு வாழ்க்கை வரலாற்றைப் புனைந்துவிட்டது.

கன்னடச் சான்றுகள்

பெண் போர்த்தலைமை ஏற்றால் மொழி அவளை ஆணாக்கியே தீரும் என்பது பொதுவிதி அன்று என்பதைக் கன்னடச் சாசனங்கள் காட்டுகின்றன. மேலைச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் ஜயசிம்மனின் தமக்கை அக்காதேவி, கிசுகாடு எழுபது முதலிய பகுதிகளை ஆண்டவர். 1047இல் கோகாகெக் கோட்டையை முற்றுகையிட்டவர். அவருக்கு வழங்கிய விருதுப்பெயர்கள் இரண்டு: ரணபைரவி, குணத பெடங்கி. முன்னது போர்க்களத்துப் பைரவி என்னும் பெண்தெய்வ உருவகம். பின்னது அதனினும் சுவையானது. சாளுக்கியரிடையே ஆண்கள் 'பெடங்க' என முடியும் விருதுகளைச் சூடினர். அழகன், சிறப்புடையான் என்னும் பொருளது. அதன்மேல் இகர விகுதி சேர்த்துப் பெண்பாலாக்கியிருக்கிறார்கள். விருதை எழுதியவர்க்கு ஆண்பால் வடிவம் தெரிந்திருந்தது. வேண்டாமென விடுத்துப் பெண்பாலை ஆக்கினர். அவர் முற்றுகையிட்டார் என்பதால் ஆணாக வேண்டியிருக்கவில்லை. மன்னனின் தமக்கை என்னும் உறவு அவருடைய ஆட்சிக்குப் போதிய அடிப்படையாக இருந்தது. ருத்ரமதேவிக்கு இருந்த கொடிவழிச் சிக்கல் அக்காதேவிக்கு இல்லை.

இராட்டிரகூட மன்னன் இரண்டாம் கிருஷ்ணன் காலத்து ஜக்கியப்பெயின் நிலை வேறு. நாகரகண்ட எழுபதின் நாள்காவுண்டராக இருந்த கணவன் சத்தரச நாகார்ஜுனன் இறந்தபின் அப்பதவி அவருக்கு அளிக்கப்பட்டது. சில ஆண்டுகள் ஆண்டு, நோயுற்று, 918இல் பந்தளிகெயில் சமணமுறையில் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார். பெண்ணாயினும் வீரத்தால் பெருமிதம் உற்றவர் என்னும் கருத்துப்பட அக்கல்வெட்டு அவரைப் புகழ்கிறது. காவுண்ட என்பதற்குப் பெண்பால் வடிவம் கன்னடத்தில் உண்டு: காவுண்டி. ஆனால் அது காவுண்டனின் மனைவியைச் சுட்டுவது. ஜக்கியப்பெ கணவன் இருந்தவரை அச்சொல்லுக்கு உரியவர். பதவி ஏற்றபின் அச்சொல் அவருக்குப் போதாது. அரசன்-அரசி, காவுண்ட-காவுண்டி என்னும் இணைகளில் விகுதி மட்டும் மாறுவதாகத் தோன்றினாலும், உண்மையில் மாறுவது பொருள்வகை: முன்னது பதவி, பின்னது உறவு.

'ஆயினும்' என்னும் இடைச்சொல்லும் கவனத்திற்குரியது. பெண்ணாயினும் வீரம், பெண்ணாயினும் ஆட்சித்திறன் என்று அமையும் புகழுரை, புகழ்கின்ற அந்தக் கணத்திலேயே எதிர்பார்ப்பு இன்னதென்பதையும் பதிவு செய்துவிடுகிறது. கன்னடத்திலும் பாரசீகத்திலும் ஆங்கிலத்திலும் இவ்வாய்பாடு தவறாது வருகிறது. அல்தேகர் 1938இல் வெளியிட்ட, இந்து நாகரிகத்தில் பெண்டிர் நிலை பற்றிய பெருநூலும் இத்தகைய பெண்டிரைத் தொகுத்துக் காட்டி, பழங்காலத்துப் பெண்களின் உயர்நிலைக்குச் சான்றாக்குகிறது. விதிவிலக்கைப் புகழும் சொல்லையே விதிக்குச் சான்றாகக் கொள்வது அளவையியலுக்கு ஒவ்வாது.

அதே கன்னட நிலப்பரப்பின் வீரக்கற்களை நோக்கினால் பெண் என்னும் சொல் வேறோர் இடத்தில் மிகுதியாக வருவது புலனாகும். வீரன் உயிர்நீத்த நிகழ்ச்சியைச் சுட்டும் கலைச்சொற்கள் பல அக்கற்களில் உண்டு: ஆநிரை கவர்தலைச் சுட்டும் 'துறுகோள்', ஊர் அழிவைச் சுட்டும் 'ஊரழிவு', பெண்டிரின் கூக்குரலைச் சுட்டும் 'பெண்புய்யல்'. இறுதியிலுள்ளது, பெண்கள் தாக்கப்பட்டபோது அவர்களைக் காக்கப் போரிட்டு மாண்டவனின் கல்லில் எழுதப்படுவது. துறுவும் ஊரும் பெண்ணும் ஒரே வாய்பாட்டில், தொகையின் முன்மொழியாக நிற்கின்றன. வினைமுதல் வீரன், அவனுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, தந்தை பெயரும் உண்டு. பெண்களுக்குக் குரல் மட்டும் உண்டு. அதுவும் பெயர்ச்சொல்லாக இறுகிப்போன குரல். போர்க்காலச் சமூகத்தில் பெரும்பாலான பெண்டிரின் நிலையை அறிய விரும்புவோர் ரணபைரவியைவிடப் பெண்புய்யலைக் கூர்ந்து படிப்பதே தக்கது. ஆய்வேடுகள் முன்னதையே நாடுவது வியப்பன்று. அதற்கு முகம் இருக்கிறது.

அரசமரபில் வாராத பெண் ஒருத்தி வினைமுதலாகும்போது மொழி என்ன செய்கிறது என்பதற்குச் சித்திரதுர்க்கத்து ஓபவ்வாவின் கதை சான்று. ஹைதர் அலியின் படையினர் பாறை இடுக்கு வழியாக ஒருவர்பின் ஒருவராக நுழைய, காவலனின் மனைவியான அவர் உலக்கையால் அடித்து வீழ்த்தினார் என்பது 18ஆம் நூற்றாண்டு பற்றிய வாய்மொழி வரலாறு. விருதுப்பெயர் அவருக்கு இல்லை. கருவிப்பெயர் அடைமொழியாயிற்று: ஒனகெ ஓபவ்வா. ஒனகெ என்பது தமிழ் உலக்கையின் இனச்சொல்லே. வாளேந்தியவர்க்கு வாள் அடைமொழியாவதில்லை; அது எதிர்பார்க்கப்பட்டது. உலக்கை எதிர்பாராதது, ஆதலின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

பால் காட்டா மொழியும் பால் கட்டாய மொழியும்

தில்லியில் 1236 முதல் 1240 வரை ஆண்ட ரசியாவைப் பற்றிய முதன்மைச் சான்று மின்ஹாஜ் எழுதிய தபகாத்-இ-நாசிரி. பாரசீகத்தில் படர்க்கைப் பெயருக்கும் வினைக்கும் பால் இல்லை. அந்நூலாசிரியர் அவருடைய அறிவு, நீதி, படை நடத்தும் ஆற்றல் முதலியவற்றை அடுக்கும் பகுதி, எந்தச் சுல்தானுக்கும் பொருந்தும் நடையிலேயே ஓடுகிறது. பின்னர், ஊழ் அவரை ஆடவர் வரிசையில் சேர்க்காதபோது இத்தனை பண்புகளாலும் என்ன பயன் என்னும் கருத்தை வைக்கிறார். மூலத்தில் பால் அந்த ஓர் இடத்திலேயே வெடிக்கிறது. அதுவரை இலக்கணம் அதை எழுப்பவில்லை. 1881இல் நிறைவுற்ற ராவர்டியின் ஆங்கில மொழிபெயர்ப்பிலோ, ஆங்கில இலக்கணத்தின் கட்டாயத்தால், முதல் சுட்டுப்பெயரிலிருந்தே அவர் பெண். மூலத்தின் திடுக்கிடல் மொழிபெயர்ப்பில் மங்கிவிடுகிறது. இது மொழிபெயர்ப்பாளரின் குறை அன்று. மொழியின் குறையும் அன்று. ஆனால் மொழிபெயர்ப்பை மட்டும் கொண்டு மூல ஆசிரியரின் மனப்பான்மையை அளக்க முற்படுவோர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

பட்டத்தைப் பொறுத்தவரை மின்ஹாஜ் அவரைச் சுல்தான் என்றே சுட்டுகிறார். அவருடைய அரபுச் சிறப்புப்பெயரில் பெண்பால் ஈறு இருக்கிறது. பதவிப் பெயரில் இல்லை. தமிழ்ப் பாடநூல்களிலும் இதழ்களிலும் 'ரசியா சுல்தானா' என்னும் வடிவம் பரவலாக வழங்குகிறது. சுல்தானா என்பது சுல்தானின் மனைவிக்கும் மகளுக்கும் வழங்கிவரும் சொல். ரசியா இல்துமிஷின் மகள் ஆதலின் அச்சொல்லுக்கும் அவர் உரியவரே. ஆனால் அவர் ஆண்டது அவ்வுரிமையால் மட்டும் அன்று. பெண்பால் ஈற்றைச் சேர்த்துப் பெண்ணுக்கு நீதி செய்வதாக எண்ணும் மொழிபெயர்ப்பாளர், அறியாமலேயே அவரை அரியணையிலிருந்து அந்தப்புரத்திற்கு அனுப்பிவிடுகிறார்.

ஒரு நூற்றாண்டுக்குப்பின், ஏறத்தாழ 1350இல், இசாமி எழுதிய ஃபுதூஹ்-உஸ்-சலாதீன் இன்னும் கடுமையானது. பெண்ணுக்கு உரியது அரியணை அன்று, இராட்டையே என்னும் கருத்தை அது முன்வைக்கிறது. இந்தியாவில் இராட்டை பற்றிய மிகப் பழைய எழுத்துச்சான்று இவ்விடம் என்று நெசவுத்தொழில் வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டுவர். ஒரு கருவி வரலாற்றில் நுழைவதற்கே ஒரு பெண்ணின் ஆட்சி பழிக்கப்பட வேண்டியிருந்தது.

1858 ஜூனில் குவாலியர் அருகே போரில் மாண்ட ஜான்சி இலக்குமிபாயின் வரலாறு இலக்கணப் பாலின் வேறுபாடுகளை அளந்து பார்க்க ஏற்ற களம். இந்தியில் இறந்தகால வினை பெரும்பாலும் பாலுக்கேற்ப முடியும். அவர் போரிட்டார் என்னும் ஒவ்வொரு தொடரும் அவரைப் பெண்ணாக மீண்டும் மீண்டும் நிறுவும். வங்கமொழியில் வினைக்கும் படர்க்கைப் பெயருக்கும் பால் இல்லை. மகாசுவேதா தேவி 1956இல் வெளியிட்ட வரலாற்று நூலில் அவர் பக்கம் பக்கமாகப் பால் சுட்டப்படாமல் இயங்க முடிகிறது. அந்நூலை ஆங்கிலத்தில் தந்தவர்க்கும் ராவர்டியின் நெருக்கடியே.

சுபத்ரா குமாரி சௌஹானின் கவிதையால் இந்தி வழங்கும் நிலமெங்கும் பரவிய 'மர்தானி' என்னும் அடைமொழி தனியே ஆராயத்தக்கது. பாரசீகத்தில் மர்த் என்றால் ஆண். மர்தானா என்றால் ஆணுக்குரியது. அடைமொழிக்குப் பாரசீகத்தில் பால் இல்லை. இந்தி அச்சொல்லைக் கடன் வாங்கியபின் தன் இலக்கணத்திற்கு உட்படுத்தி, மர்தானா ஆண்பால், மர்தானி பெண்பால் என்றாக்கியது. விளைவாக, அடியில் ஆணையும் ஈற்றில் பெண்ணையும் ஒருங்கே கொண்ட சொல் கிடைத்தது. ருத்ரம என்னும் பெயரின் அமைப்பும் இதுவே. இலக்குமிபாயை எதிர்த்துப் போரிட்ட ஹ்யூ ரோஸ், கிளர்ச்சியாளருள் சிறந்த ஆண்மகன் அவரே என்று கூறியதாக வழங்கும் பாராட்டும் இதே தடத்தில் செல்வதுதான். ஆனால் ஆங்கிலத்தில் ஈறு இல்லை. ஆகவே அங்குப் பெண் முற்றாக மறைந்துவிடுகிறாள்; இந்தியில் எஞ்சி நிற்கிறாள்.

மர்தானி என்பதைத் தமிழில் 'ஆண்மை மிக்கவள்' என்று பெயர்ப்பது வழக்கம். ஆண்மை என்பதை ஆண்+மை என்றும் பிரிக்கலாம், ஆள்+மை என்றும் பிரிக்கலாம். ளகரம் மகரத்தின் முன் ணகரமாதல் தமிழ்ப் புணர்ச்சிக்கு இயல்பே. வேளாண்மை, தாளாண்மை என்னும் சொற்களில் ஆளுந்தன்மையே பொருள். எனவே தமிழ்ச்சொல்லுக்கு இந்திச்சொல்லில் இல்லாத ஒரு தப்பிக்கும் வழி உண்டு. ஆனால் இன்றைய வழக்கில் ஆண்மை என்றதும் ஆணே நினைவுக்கு வருகிறான்; சொற்பிறப்பைக் காட்டிப் படிப்போர் உணர்வை மாற்ற இயலாது. இந்தியின் ஆண்-பெண் முரண் வேண்டுமெனில் இச்சொல்லே போதும். வேண்டாமெனில் மறம், திறல் என்பன உள்ளன.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் கையிலுள்ள சொற்கள்

போர்புரியும் பெண்ணுக்குத் தமிழில் இன்று வழங்கும் சொல் வீராங்கனை. விளையாட்டுப் பக்கங்களில் இறகுப்பந்து ஆடுவோர்க்கும் இதுவே. வீர, அங்கனா என்னும் இரு வடசொற்களின் தொகை இது. அங்கனா என்பது அழகிய உறுப்புகளை உடையவள் என்னும் பொருளில் பெண்ணுக்கு ஆயிற்று. தொகையையும் இருவகையில் விரிக்கலாம்: வீரமுடைய பெண் என்பது ஒன்று, வீரனுடைய பெண் என்பது மற்றொன்று. கன்னடத்தில் ஓபவ்வா போன்றோர்க்கு வழங்கும் 'வீரவனிதெ'யும் இத்தகையதே. வனிதா என்பது விரும்பப்பட்டவள் என்னும் பொருளடியிற் பிறந்தது. வீராங்கனை என்னும் படிமம் வட இந்தியக் கதைப்பாடலிலும் நாடகத்திலும் திரைப்படத்திலும் எவ்வாறு உருப்பெற்றது என்பதைக் கேத்ரின் ஹான்சன் 1988இல் ஆராய்ந்துள்ளார். சொல்லின் உள்ளமைப்பு அதே அளவு ஆராய்ச்சியைப் பெறவில்லை.

தனித்தமிழ்ச் சொற்கள் கைகொடுக்குமா என்று பார்த்தால் அங்கும் பொருள் வழுக்குகிறது. மறவன் போர்வீரன், மறத்தி மறக்குடிப் பெண். எயினன், எயிற்றி என்பனவும் அவ்வாறே. ஆண்பால் செயலைச் சுட்ட, பெண்பால் குடியைச் சுட்டுகிறது. விறல் என்பது வெற்றி, வலிமை, விறலோன் வெற்றியாளன், விறலியோ ஆடல்மகள். மெய்ப்பாடு தோன்ற ஆடுதலின் விறலி எனப்பட்டாள் என்பது உரையாசிரியர் விளக்கம். அவ்வாறாயின் விறல் என்னும் ஒரே வடிவத்தில் இரு பொருள்கள் இருக்க, ஆணுக்கு ஒன்றும் பெண்ணுக்கு மற்றொன்றும் வாய்த்தன என்றாகிறது. காவுண்டி பற்றி மேலே கூறியது தமிழுக்கும் புறம்பானதன்று.

எனினும் வேறு மொழிகளில் காண்பதற்கு அரிதான ஒரு வசதி தமிழில் உண்டு. குடிமை, ஆண்மை, பெண்மை, மகவு, குழவி முதலிய சொற்கள் உயர்திணைப் பொருளைச் சுட்டினும் அஃறிணை முடிபு கொள்ளும் எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் தொகுத்துக் கூறுகிறார். அத்தொகுதியில் அரசு என்பதும் ஒன்று. அரசு வந்தது என்றால் வந்தவர் ஆணா பெண்ணா என்பது சொல்லளவில் எழாத வினா. வேந்து என்பதும் அந்நீர்மையதே. இன்றைய தமிழில் அரசு என்பது ஆளைச் சுட்டாமல் அமைப்பைச் சுட்டுகிறது என்பது உண்மைதான். ஆயினும் சாசனத்தையோ பாரசீக வரலாற்று நூலையோ செம்மையான நடையில் தமிழாக்குவோர்க்கு இது பயன்படக்கூடும். ஒருவரைப் பன்மையாற் கூறுவது இலக்கண நெறியன்று, வழக்கினால் வந்த உயர்சொல் என்று அவர் ஒதுக்கிவைத்த அர் ஈறே இன்று தமிழின் முதன்மையான பால்காட்டா வடிவமாகியுள்ளது. ருத்ரமதேவிக்கு 'ஆண்டார்' என்று எழுதுவது மரியாதைக்காக மட்டும் அன்று. தெலுங்குச் சாசனம் சொல்லாமல் விட்டதைத் தமிழும் சொல்லாமல் விடுவதற்காகவும் ஆகும். ஒருமையில் 'ஆண்டாள்' என்று எழுதும் மொழிபெயர்ப்பு, ஆண் மன்னர்க்கு 'ஆண்டான்' என்றே எழுதுமாயின் குற்றமில்லை. ஒருவர்க்கு ஆர் ஈறும் மற்றவர்க்கு ஆள் ஈறும் தருவதே குற்றம். பள்ளி நூல்களில் இக்கலப்பு இன்றும் காணப்படுகிறது.

தற்காலப் படைத்துறையில் இச்சிக்கல் ஓரளவு நீங்கியிருக்கிறது. பதவிப்பெயர்கள் ஆங்கிலத்திலிருந்து வந்தமையே காரணம். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்ற இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சிராணிப் படைப்பிரிவில் பெரும்பாலோர் மலாயா ரப்பர்த் தோட்டங்களைச் சார்ந்த தமிழ்ப் பெண்கள். படையின் பொதுமொழி உரோமன் எழுத்தில் எழுதப்பட்ட இந்துஸ்தானி. படைப்பிரிவின் பெயரில் ராணி. அதன் தலைவர் பெயரில் கேப்டன். கேப்டன் லட்சுமி என்னும் தொடரில் பதவி பால் காட்டவில்லை, பெயர் காட்டுகிறது. ருத்ரதேவ மகாராஜா என்னும் தொடருக்கு இத்தகைய வாய்ப்பு இருந்ததில்லை; அங்குப் பெயரையும் மாற்ற வேண்டியிருந்தது.

மொழிபெயர்ப்பில் கூட்டிச் சொல்லும் ஆசை மிகவும் தலைதூக்கும் இடம் சந்துபட்லக் கல்வெட்டு. நல்கொண்டா மாவட்டத்தில் கிடைத்த, 1289ஆம் ஆண்டினதான இக்கல், காகதி ருத்ரமதேவியும் படைத்தலைவர் மல்லிகார்ஜுன நாயகரும் சிவலோகம் அடைந்தமை குறித்து, அவர்கள் புண்ணியத்தின்பொருட்டுப் படைத்தலைவரின் பணியாள் ஒருவர் அளித்த கொடையைப் பதிவு செய்கிறது. அரசியும் படைத்தலைவரும் ஒருங்கே மறைந்தமையால், காயஸ்தத் தலைவன் அம்பதேவனுக்கு எதிரான போரில் இருவரும் மாண்டிருக்க வேண்டும் என்பது வரலாற்றாசிரியர் துணிபு. பொருத்தமான துணிபே. ஆனால் கல்லில் உள்ளது சிவலோகம் அடைதல் என்னும் ஒரே சொல், இருவர்க்கும் பொதுவானது, பால் காட்டாதது, களத்தையும் காட்டாதது. இதனைத் தமிழில் தரும் சில நூல்கள் 'போர்க்களத்தில் வீரமரணம் எய்தினாள்' என்று எழுதுகின்றன. போர்க்களம், வீரம், பெண்பால் ஒருமை ஆகிய மூன்றும் மொழிபெயர்ப்பாளர் தந்தவை. அவற்றை அடிக்குறிப்பில் துணிபு எனக் காட்டி, பாடத்தில் 'சிவலோகம் அடைந்தனர்' என்று நிறுத்துவதே முறை.